வெளுத்த துணியும் சொறிக்குழம்பும்

ஒரு ஊரு. அந்த ஊருக்குத் தெக்க பாத்தா தண்ணி, வடக்க பாத்தா பனை, நடுவுல கோட்டையைக் கட்டிக்கிட்டு ஒரு ராசா இருந்தான். இருந்தான்னா இருந்தான், அவ்வளவுதான், அவனால யாருக்கும் சல்லிக்காசுப் பிரயோசனம் கெடையாது. பேரு மகுடராசா. குளிக்கும்போதுகூட மகுடத்தைக் கழட்டமாட்டான், அதனால ஊரெல்லாம் மழையில நனைஞ்சாலும் அவன் உச்சந்தலை மட்டும் காஞ்சே கெடந்துச்சு. சிரிக்காதீங்க. தலை காஞ்சவன் கையில ஊரு மாட்டுனா என்ன ஆவும்னு இனிமேதான் சொல்லப்போறேன்.

அவனுக்கு எதைப் பாத்தாலும் "என்னுது"ன்னு சொல்லணும். சூரியன் உதிச்சா "என் வெயிலு பாத்தியா"ம்பான். மழை பேஞ்சா "என் மழை பாத்தியா"ம்பான். அலை வந்து காலை நனைச்சா "என் கடலு பாத்தியா"ம்பான். அந்தக் கடலு எத்தனை ராசாவைப் பாத்திருக்கும், அது இவனைத் திரும்பிக்கூடப் பாக்கலை.

இவனுக்குத் தோதா ஒரு மந்திரி. பேரு தீர்க்கராயர். பட்டு அங்கவஸ்திரத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு, வயித்தை ஒரு முழம் முன்னால அனுப்பிட்டுப் பின்னால வருவாரு. எதைக் கேட்டாலும் அவருகிட்ட ஒரே பதிலு.

"ராயரே, இன்னைக்கு மழை வருமா?"

"நிச்சயம், நிச்சயம், நிச்சயம்!"

வராது. ராசா கேப்பான், "ஏன் ராயரே வரலை?"

"வராமப் போகுங்கிறதும் நிச்சயந்தான் மகாராசா."

ராசா வாயைப் பொளந்துக்கிட்டு, "அடடா, என்னா அறிவு!"ம்பான். இப்படி ரெண்டு பேரும் ஒருத்தர் முதுகை ஒருத்தர் சொறிஞ்சுக்கிட்டு நாட்டை ஆண்டாங்க.

அந்த அரண்மனையில ஒரு வழக்கம் உண்டு, அதை இப்பவே மனசுல போட்டுக்கங்க. ராசா வாயில எது போறதுக்கும் முன்னாடி மந்திரி அதைத் தின்னு ருசி பாக்கணும். விஷம் கிஷம் இருந்தா மந்திரியோட போகட்டும்னுதான். ராயருக்கு அந்த வேலை ரொம்பப் புடிக்கும். ஒரு கவளம் தின்னு சொல்ல வேண்டியதுக்கு ஒன்பது கவளம் தின்னுட்டுத்தான் தலையை ஆட்டுவாரு.

அது கெடக்கட்டும். கோட்டைக்குத் தெக்க, கடலை ஒட்டி, சிப்பிக்கரைன்னு ஒரு மீன்புடி ஊரு. அங்க பேராச்சின்னு ஒருத்தி இருந்தா. அவ புருசன் கொம்பையா, கட்டுமரம் விடுறவன், வாயில்லாப் பூச்சி. அவன் பேச வேண்டியதையும் சேத்து இவளே பேசிருவா. அவ நாக்கு இருக்கே, கருவாடு அறுக்குற கத்தி தோத்துப்போகும். ஆனா மனசு சுத்தம்.

அந்த ஊருக்காரங்களுக்கு ஒரு பழக்கம். ஆனி மாசம் மேக்கேருந்து கச்சான் காத்து அடிக்கத் தொடங்குனதும் ஒருத்தரும் வலையைத் தொடமாட்டாங்க. மொதல்ல கொம்பையா ஒரு வெள்ளைத் துணியை ரெண்டு கம்புக்கு நடுவுல விரிச்சுக் கட்டி, கட்டுமரத்துக்குப் பின்னால தொங்கவிட்டு, கரையிலேருந்து ஆமைப்பாறை வரைக்கும் இழுத்துட்டுப் போயி, அங்கேருந்து திரும்பக் கரைக்கு இழுத்துட்டு வருவான். பேராச்சி கரையில நின்னு அந்தத் துணியை வாங்கி மொதல்ல பாப்பா, பெறகு மோந்து பாப்பா, பெறகு நாக்குல வச்சுப் பாப்பா. மூணும் பாத்துட்டுத்தான் வாயைத் தெறப்பா. அவ வாயி அவ்வளவு நேரம் மூடியிருக்குறது வருஷத்துக்கு அந்த ஒரு தடவைதான்.

அந்தத் துணியில என்னடா இருக்குன்னா, கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி உசுரு இருக்கும். அரிசி பொடைச்சா நொய்யி விழுகுதில்ல, அந்த மாதிரிப் பொடி. அதனால அவுங்க அதைக் கடல்நொய்யின்னு சொல்லுவாங்க. கச்சான் நல்லா அடிச்சா மேல்தண்ணியை ஒதுக்கித் தள்ளிரும், அடியில கெடக்குற சில்லுத்தண்ணி மேல வரும், அந்தத் தண்ணியில வெயிலு பட்டதும் நொய்யி பெருகும், கடலு பச்சையாப் போகும், நொய்யைத் திங்கச் சாளை மீனு வரும், சாளையைத் திங்கச் சீலா வரும், சீலாவைத் திங்க நாம வருவோம். காத்து ஏமாத்துச்சுன்னா நொய்யி இல்லை. நொய்யி இல்லேன்னா சாளை ஏன் வருது, அதுக்கென்ன தலையெழுத்தா? அதுக்கும் வயிறு இருக்கில்ல.

துணியில பச்சைக்குழம்பு தடிமனா அப்பியிருந்தா, எல்லா வலையும் எறங்கலாம்பா பேராச்சி. மங்கலாக் கொஞ்சம் ஒட்டியிருந்தா, பெரிய கண்ணு வலை மட்டும் எறங்கலாம்பா. துணி போட்டது போட்டபடியே வெளுப்பா வந்தா, அந்த வருஷம் பட்டினி வருஷம், வலையைச் சுருட்டு, கெழங்கைத் தின்னு, ஆத்துவாய்ப் பக்கம் மட்டும் ஒருத்தனும் போகக்கூடாதும்பா. ஏன்னா மோசமான வருஷத்துல தப்பிப் பொழைச்ச மீன்குஞ்செல்லாம் ஆறு கடல்ல சேருற அந்த எடத்துலதான் ஒதுங்கிக் கெடக்கும். அது அவுங்களுக்கு வெதைநெல்லு மாதிரி.

ஒருதரம் அதையும் வாரித் தின்னாங்க. பேராச்சி சின்னப் புள்ளையா இருக்கும்போது, பசி தாங்காமக் கொசுவலை கணக்கா ஒரு வலையைப் போட்டு ஆத்துவாயை வழிச்சு எடுத்துட்டாங்க. அதுக்குப் பெறகு மூணு வருஷம் கரையில ஒரு செதில்கூட ஒதுங்கலை. அவ கூடப்பொறந்த தம்பிங்க ரெண்டு பேரும் அந்த மூணு வருஷத்துக்குள்ள போய்ச் சேந்துட்டாங்க. கடைசித் தம்பியை அவ மடியிலதான் வச்சிருந்தா. அதை அவ யாருகிட்டயும் சொல்லமாட்டா, ஆனா ஆத்துவாய்ல யாராவது காலை வச்சாக்கூடத் துடுப்பைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவா.

பாத்து முடிச்ச துணியை அவ தொவைக்கமாட்டா. அப்படியே காயப்போட்டு, வீட்டுக்குள்ள கயித்துல வரிசையாத் தொங்கவிடுவா. அவ அம்மா தொங்கவிட்டது, அம்மாவுக்கு அம்மா தொங்கவிட்டது, எல்லாம் தொங்கும். ஒரு வருஷம் பச்சை, ஒரு வருஷம் பழுப்பு, ஒரு வருஷம் வெறும் வெள்ளை, மறுபடி பழுப்பு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. நாத்தம் கொடலைப் புடுங்கும், ஆனா அந்த வீட்டுல எல்லாருக்கும் அது பழகிப்போச்சு.

இப்படி இருக்கையில ஒரு வருஷம் கச்சான் பேய்மாதிரி அடிச்சுது. தண்ணி சில்லுன்னு ஆயி, கடலு பச்சைப் பாயை விரிச்ச மாதிரி ஆயிப்போச்சு. துணி இழுத்துட்டு வந்தா, அப்பியிருக்குற குழம்பைக் கத்தியாலதான் சொரண்டணும். சாளைன்னா சாளை, அப்படிச் சாளை! வலை கிழியுது, கட்டுமரம் முங்குது, காக்கா தின்னுட்டுப் பறக்க முடியாம நடந்து போவுது.

அந்தச் சமயம் பாத்து மகுடராசாவோட சம்பந்தி, வடக்குநாட்டு ராசா, விருந்துக்கு வந்தாரு. கடற்கரையில பந்தல் போட்டு, ஆயிரம் கூடைச் சாளையைக் குழம்பு வச்சு, பொரிச்சு, அவிச்சு, அடுக்கி வச்சாங்க. ராயர் ருசி பாக்குறேன்னு உக்காந்து பதினெட்டு சாளையை உள்ள தள்ளிட்டு, "விஷம் இல்லை மகாராசா, ஆனா இன்னும் ரெண்டு தின்னாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்"னாரு. பெறகு ராசாக்க தின்னாங்க.

வடக்குநாட்டு ராசா கையை நக்கிக்கிட்டே, "சம்பந்தி, இந்த மாதிரி நான் தின்னதே இல்லை. அடுத்த வருஷமும் இப்படிக் கெடைக்குமா?"ன்னு கேட்டாரு.

மகுடராசா நெஞ்சை நிமித்துனான். "என் கடலு! என் மீனு! அடுத்த வருஷம் இதே நாளு, இதே எடம், உம்ம பட்டாளத்தையும் கூட்டிக்கிட்டு வாரும். ஒரு கூடை கொறையாது. என்ன ராயரே?"

"நிச்சயம், நிச்சயம், நிச்சயம்!"

பக்கத்துல மீன் எறக்கிக்கிட்டு நின்ன பேராச்சிக்கு அடக்க முடியலை. "மகாராசா, கோவிச்சுக்கக் கூடாது. அடுத்த வருஷத்துக் கடலை இந்த வருஷமே எப்படிச் சொல்றது? துணியை இழுத்துப் பாத்தாத்தானே தெரியும்?"னுட்டா.

"என்ன துணி?"ன்னான் ராசா.

கொம்பையா அன்னைக்குன்னு பாத்து வாயைத் தெறந்து எல்லாத்தையும் சொல்லித் தொலைச்சுட்டான். வருஷம் பூரா ஊமையா இருந்துட்டு, பேசக்கூடாத அன்னைக்குப் பேசுனான் பாத்துக்கங்க.

ராயருக்கு மூக்கு வேர்த்துப்போச்சு. ஒரு மீன்காரி கடலைப் பாத்து நல்லது கெட்டது சொல்றதா? அப்போ மந்திரின்னு ஒருத்தர் எதுக்கு? "மகாராசா, கடலு உங்களுது. அப்போ துணியும் உங்களுது. இனிமே வருஷா வருஷம் துணி அரண்மனைக்கு வரணும், நான் பாத்துச் சொல்லுவேன். இந்த வருஷத் துணியை எடுத்துட்டு வரச்சொல்லுங்க, நல்ல வருஷத்துத் துணி எப்படி இருக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கிடுறேன்"னாரு.

பேராச்சி பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்தப் பச்சைத் துணியைக் கொண்டுபோய்க் குடுத்தா. அரண்மனை வாசலுக்கு வந்ததுமே ராயர் மூக்கைப் பொத்திக்கிட்டு, "சீ, சீ, என்ன நாத்தம்! இந்த அழுக்கையா ராசா சமுகத்துல வைக்கிறது? கொண்டுபோய் வெளுத்துட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாரு. ஏ, கேக்குறீங்களா இல்லையா? அந்தத் துணியில இருந்த சங்கதியே அந்த அழுக்குதான். அதைப்போய் உவர்மண்ணுல ஊறப்போட்டு, வெள்ளாவி வச்சு, கல்லுல அடிச்சு, கஞ்சி போட்டு, மடிச்சுக் கொண்டாந்து தட்டுல வச்சானுங்க. துணி கொக்கு மாதிரி வெள்ளையா இருந்துச்சு.

ராயர் அதை இந்தப் பக்கம் பொரட்டுனாரு, அந்தப் பக்கம் பொரட்டுனாரு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. "மகாராசா, கண்டுபுடிச்சுட்டேன். நல்ல வருஷத்துத் துணி வெள்ளை வெளேர்னு இருக்கும்!"னாரு. ராசா "அடடா!"ன்னான். அந்தத் துணியை வெள்ளிப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டாங்க. இப்படியும் ஒரு அறிவு, அதுக்கும் ஒரு வெள்ளிப் பெட்டி.

ஒரு வருஷம் ஓடிப்போச்சு. ஆனி பொறந்துச்சு, கச்சானைக் காணோம். நடு ஆனியும் ஆச்சு, காத்துச் சீக்காளி மூச்சு விட்ட மாதிரி வந்துட்டு வந்துட்டுப் போவுது. பேராச்சி தண்ணியில காலை வச்சுப் பாத்தா, வெதுவெதுன்னு குளிக்கக் காச்சுன தண்ணியாட்டம் இருக்கு. கடலு கண்ணாடி கணக்காத் தெளிஞ்சு, அடியில கெடக்குற சிப்பியை எண்ணலாம் போல இருக்கு. ஊருல உள்ள எளசுக எல்லாம், "எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு கடலு!"ன்னு சந்தோசப்பட்டுதுக. அவ மட்டும் சந்தோசப்படலை, கொம்பையாவைக் கூப்பிட்டுத் துணியைக் கட்டச் சொன்னா.

கொம்பையா துணியை இழுத்துட்டு வந்தான். பாத்தா, வெள்ளை. மோந்தா, வெறும் உப்பு. நாக்குல வச்சா, அதுவும் வெறும் உப்பு. பேராச்சி ஊரைக் கூட்டுனா. "வலையைச் சுருட்டுங்க. ஆத்துவாய்ல குஞ்சு ஒதுங்கியிருக்கு, நான் பாத்தேன். ஒரு கையளவு எவனாவது எடுத்தான்னு தெரிஞ்சுது, அவன் கையை எடுத்துருவேன்"னுட்டு, துணியைத் தூக்கிக்கிட்டு அரண்மனைக்கு நடந்தா.

வாசல்ல துணியைப் புடுங்கி, வழக்கப்படி வெளுத்து, கஞ்சி போட்டு, மடிச்சுத் தட்டுல வச்சாங்க. வெளுக்க அதுல என்ன இருந்துச்சோ! ராயர் வெள்ளிப் பெட்டியைத் தெறந்து போன வருஷத் துணியை எடுத்து, இதுக்குப் பக்கத்துல விரிச்சாரு. அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை.

"பாருங்க மகாராசா! இம்மியும் மாறலை! போன வருஷம் எவ்வளவு மீனோ, இந்த வருஷமும் அவ்வளவு மீனு. நிச்சயம், நிச்சயம், நிச்சயம்!"

பேராச்சிக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. "மகாராசா, ரெண்டையும் தொவைச்சா ரெண்டும் வெள்ளையாத்தான் இருக்கும். போன வருஷத்துல பச்சை இருந்துச்சு, அதை வெளுத்துட்டாங்க. இந்த வருஷத்துல வெளுக்க ஒண்ணுமே இல்லை. கடலு பட்டினி கெடக்கு. விருந்தை நிறுத்துங்க, சம்பந்திக்கு ஆள் அனுப்புங்க"ன்னு கையெடுத்துக் கும்புட்டா.

"என் கடலு பட்டினி கெடக்கா? ஆர்கிட்டப் பேசுற?"ன்னு ராசா துள்ளிக் குதிச்சான்.

ராயர் அங்கவஸ்திரத்தை இழுத்து விட்டுக்கிட்டு, "சோம்பேறிக் கூட்டம் மகாராசா. கடல்ல எறங்கச் சங்கடம், அதுக்கு ஒரு கதை. நான் நேத்து பல்லக்குல வரும்போது பாத்தேன், ஆத்துவாய்ல மீனு கொதிக்கிற மாதிரித் துள்ளுது. ஆயிரம் கூடை தேறும். கடல்ல வலை வீசட்டும், அதுல கொறைஞ்சா அங்க வழிச்சு எடுக்கட்டும்"னாரு.

பேராச்சி மந்திரி முன்னால போய் நின்னா. "ஐயா, அது குஞ்சு! அது விரல் நீளம்கூட இல்லை! அதை எடுத்தா அடுத்த வருஷம் காத்து நல்லா அடிச்சாலும் வர்றதுக்கு மீனு இருக்காதையா!"ன்னு கத்துனா. யாரு காதுல விழுது? விருந்து இன்னும் எட்டு நாள்ல, ஆயிரம் கூடை வரலேன்னா சிப்பிக்கரையில உள்ள கட்டுமரத்தையெல்லாம் வெறகாக்கி அடுப்பெரிப்பேன்னு சொல்லி அவளை வெளிய தள்ளிட்டானுங்க.

வீட்டுக்கு வந்து கயித்துல தொங்குற துணியையெல்லாம் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. தம்பி செத்த வருஷத்துத் துணியும் அதுல தொங்குச்சு. கொம்பையா, "ஏட்டி, வேற வழியில்லை. குஞ்சை வாரிக் குடுத்துருவோம். மரம் போச்சுன்னா நாம என்ன செய்ய?"ன்னான்.

"மரம் போனா வேற மரம் வெட்டலாம். மீனை எந்தக் காட்டுல போய் வெட்டுவ?"ன்னா அவ. ராத்திரி பூரா அவளுக்கு ரோசனை ஓடிக்கிட்டே இருந்துச்சு.

விருந்து நாளும் வந்துச்சு. பந்தல் போட்டாச்சு, ஆயிரம் வெறுங்கூடையை அடுக்கியாச்சு, அடுப்புல தண்ணி கொதிக்குது. வடக்குநாட்டு ராசா பட்டாளத்தோட வந்து எறங்கி, "சம்பந்தி, போன வருஷம் தின்ன ருசி இன்னும் நாக்குல இருக்கு!"ன்னுட்டு உக்காந்தாரு.

"வீசுங்கடா வலையை!"ன்னான் மகுடராசா.

மொத வலை விழுந்துச்சு. இழுத்தாங்க, இழுத்தாங்க, வலை கனக்குது. ராசாவுக்கு வாயெல்லாம் பல்லு. கரைக்கு வந்ததும் பாத்தா, கொழகொழன்னு சொறி! சொறின்னா தெரியுமில்ல, கஞ்சி ஒறைஞ்ச மாதிரி மிதக்குமே, மேல பட்டா அரிச்சுத் தடிச்சுப்போகுமே, அதுதான். கடலு பட்டினி கெடந்தா அதுதான் வந்து குடியேறும். ராயரு, "வலையில கோளாறு, வேற வலை போடுங்க"ன்னாரு.

ரெண்டாவது வலை விழுந்துச்சு. இழுத்தாங்க, இழுத்தாங்க, அதுலயும் சொறி. "வலை வீசுனவன் கோளாறு, வேற ஆளு வீசட்டும்"னாரு.

மூணாவது வலை விழுந்துச்சு. அதுலயும் சொறிதான், மலையாக் குமிஞ்சு கெடக்கு. இப்போ கோளாறு சொல்ல ராயருக்கு ஒண்ணும் கெடைக்கலை, கடலையே கையைக் காட்டி, "கோளாறு..."ன்னு இழுத்தாரு. பெறகு ராசா காதுகிட்டக் குனிஞ்சு, "ஆத்துவாய்க்கு ஆளை அனுப்புங்க"ன்னாரு.

சேவகனுங்க கொசுவலையைத் தூக்கிக்கிட்டு ஆத்துவாயைப் பாக்கக் கெளம்பிட்டானுங்க. பேராச்சி ஓடி வந்தா. ஓடுன ஓட்டத்துல கொண்டை அவுந்துபோச்சு. ரெண்டு ராசாவுக்கும் நடுவுல வந்து நின்னு, அழலை, கும்பிடலை, நல்லா எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "மகாராசா, ஒரே ஒரு சந்தேகம்"னா.

"என்ன?"

"போன வருஷமும் இந்த வருஷமும் கடலு ஒண்ணுதான், இம்மியும் மாறலைன்னு மந்திரி ஐயா துணி பாத்துச் சொன்னாங்களே, அது நெசமா பொய்யா?"

சம்பந்தி பாத்துக்கிட்டு இருக்காரு. பொய்யின்னு எப்படிச் சொல்றது? "நெசம்! என் அரண்மனையில பொய்யா?"ன்னான் ராசா.

"மந்திரி ஐயா, நீங்க சொல்லுங்க. நெசந்தானா?"

"நிச்சயம், நிச்சயம்..." மூணாவது நிச்சயம் கொஞ்சம் மெதுவா வந்துச்சு, "...நிச்சயம்."

"அப்போ போன வருஷம் வலையில வந்தது என்ன?"

"சாளை"ன்னாரு வடக்குநாட்டு ராசா, எச்சில் முழுங்கிக்கிட்டு.

"அப்படீன்னா இந்த வருஷம் வந்திருக்குறதும் அதேதானே? மூணு வலை நெறைய வந்திருக்கே! இதைப் போட்டுட்டு ஆத்துவாய்க்கு ஏன் ஆளு போவுது? அங்க போனா, கடலு ஏமாத்திருச்சு, மந்திரி சொன்னது பொய்யி, மகாராசா சொன்னதும் பொய்யின்னு சம்பந்தி நெனைச்சுக்கிட மாட்டாரா? இதையே குழம்பு வைங்க மகாராசா. போன வருஷம் மாதிரியே."

மகுடராசா அந்தப் பக்கம் பாத்தான், இந்தப் பக்கம் பாத்தான். ஒத்துக்கிட்டா மானம் போச்சு, ஒத்துக்கலேன்னா சொறி. மானங்கெட்டவனுக்கு மானத்து மேல எவ்வளவு ஆசை பாருங்க! "டேய், ஆத்துவாய்க்குப் போனவனைத் திரும்பக் கூப்பிடு! இதையே குழம்பு வை!"ன்னு கத்துனான்.

பேராச்சி கையாலேயே குழம்பு வச்சா. அன்னைக்கு எல்லாத்தையும் தாராளமாப் போட்டா, தேங்கா அரைச்சு, புளி கரைச்சு, வாசம் தூக்குச்சு. ஒரு பெரிய இலையைப் போட்டு, நடுவுல சொறியைக் கொழகொழன்னு ஊத்தி, ராசா முன்னால இல்லை, ராயர் முன்னால வச்சா.

"மந்திரி ஐயா, வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. மொதல்ல நீங்க ருசி பாக்கணும்."

ராயர் இலையைத் தள்ளி வச்சாரு. "எனக்கு... இன்னைக்கு விரதம்"னாரு.

"போன வருஷம் பதினெட்டு தின்னீரு, நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்"னாரு வடக்குநாட்டு ராசா. அவருக்கு விஷயம் பாதி புரிஞ்சுபோச்சு. "தின்னும் ராயரே, பசிக்குது."

"தின்னும்யா! என் மீனை நீரே தின்னலேன்னா எவன் திம்பான்?"ன்னான் மகுடராசா.

ஒரு கவளம் உள்ள போச்சு. ராயர் உதடு அரிச்சுது. ரெண்டாவது கவளம் போச்சு. நாக்கு தடிச்சுது. மூணாவது கவளம் போச்சு, மூஞ்சி பூராவும் வீங்கி, பூசணிக்காய்க்கு மீசை வச்ச மாதிரி ஆயிப்போச்சு. கன்னத்தைச் சொறியிறாரு, கழுத்தைச் சொறியிறாரு, அங்கவஸ்திரத்தைக் கழட்டி வீசிட்டு வயித்தைச் சொறியிறாரு.

"சாளைதானே ராயரே?"ன்னு கேட்டாரு வடக்குநாட்டு ராசா.

"நி... நி... நி..."ன்னாரு ராயரு. அதுக்கு மேல வரலை. தடிச்ச நாக்கைப் போட்டுக்கிட்டு எங்கேருந்து நிச்சயம் சொல்றது? கடைசியில தண்ணி தண்ணின்னு சைகை காட்டிக்கிட்டே கடலுக்குள்ள ஓடி, கழுத்து வரைக்கும் நின்னாரு. அங்கயும் சொறி மெதந்துச்சு. அடுத்து என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லணுமா?

பட்டாளம் மொத்தமும் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. மகுடராசாவும் சிரிச்சான். சிரிப்பு தன்னைப் பாத்துந்தான்னு தெரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. வடக்குநாட்டு ராசா எந்திரிச்சு, "சம்பந்தி, உம்ம கடலு பொய் சொல்லலை. பொய் சொன்னது உம்ம மந்திரிதான். எனக்குக் கெழங்கு இருந்தா போடும்"னாரு. பேராச்சி பனங்கெழங்கு அவிச்சுப் போட்டா. ராசாக்க ரெண்டு பேரும் அதைத் தின்னாங்க, ஒண்ணும் கொறைஞ்சு போயிரலை.

அன்னைக்கு ஆத்துவாய்ல குஞ்சு ஒண்ணுகூடச் சாகலை. மத்தியானம் போல பேராச்சி அங்க போயித் தனியா நின்னு பாத்தா. முட்டளவு தண்ணிக்குள்ள அதுக பாட்டுக்கு நெளிஞ்சுக்கிட்டுத் திரிஞ்சுதுக. அங்க நின்னுதான் அவ அழுதா, மனசாற அழுதா.

ராயருக்கு வீக்கம் வத்த ஒரு மாசம் ஆச்சு. மந்திரி வேலை போச்சு. இனிமே வருஷா வருஷம் கச்சான் காத்துக்குச் சிப்பிக்கரைக்குப் போயி, கொம்பையா கூடக் கட்டுமரத்துல உக்காந்து, துணி கட்டுன கம்பைப் புடிச்சுக்கிட்டு வரணும்னு ராசா உத்தரவு போட்டுட்டான். துணிக்கு எங்க போறதுன்னு ராயர் கேட்டதுக்கு, பேராச்சி அவரு வீசிட்டுப் போன பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து வச்சிருந்தா, அதையே கட்டச் சொன்னா.

அடுத்த ஆனியில கச்சான் அடிச்சுது. ராயர் ஆமைப்பாறை போய் வர்றதுக்குள்ள மூணு தடவை வாந்தி எடுத்தாரு. பட்டு அங்கவஸ்திரம் பச்சைக்குழம்பு அப்பி, ஊரே மூக்கைப் பொத்துற மாதிரி கரைக்கு வந்துச்சு. பேராச்சி பாத்தா, மோந்தா, நாக்குல வச்சா. "எல்லா வலையும் எறங்கலாம்"னா. ஆத்துவாய்க் குஞ்செல்லாம் பெருசாயி, கூட்டங்கூட்டமா வந்து வலையில ஏறுச்சு.

மகுடராசா தகவல் தெரிஞ்சு ஓட்டமா வந்தான். "பேராச்சி, பச்சை வந்திருச்சு! அப்போ அடுத்த வருஷமும் பச்சைதானே?"ன்னு கேட்டான். பட்டும் திருந்தலை பாருங்க.

பேராச்சி ராயர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க மந்திரி ஐயா"ன்னா.

ராயர் கடலைப் பாத்தாரு. கன்னத்துல இருந்த தழும்பைத் தடவிக்கிட்டாரு. "தெரியலை மகாராசா"ன்னாரு. "அடுத்த வருஷத் துணியை அடுத்த வருஷம் நனைச்சுத்தான் பாக்கணும்."

அவரு பொறந்ததுலேருந்து பேசுனதுல அது ஒண்ணுதான் உருப்படியான பேச்சு. பேராச்சி அந்தப் பட்டுத் துணியைத் தொவைக்காமக் கொண்டுபோய்க் கயித்துல தொங்கவிட்டா, அரண்மனையிலேருந்து திரும்ப வாங்கி வச்சிருந்த போன வருஷத்து வெறும் வெள்ளைக்குப் பக்கத்துல.

துணி காஞ்சுது, கதை தீந்துது. தெரியாததைத் தெரியும்னு சொல்றவன் எவனாவது எதுக்க வந்தா, அவனுக்கு மொத இலை போட்டு மொதக் கவளம் குடுங்க.